11,200 பவுண்டு இழுக்கும் வண்டி, 7,000 பவுண்டு டிரெய்லருக்குப் போதாதா?

டெக்சாஸில் வசிக்கும் வாசகி ஒருவரின் நீண்ட கடிதம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கணவர், 14 வயது மகன், 9 வயது மகள், மாமியார் என வீட்டில் ஐந்து பேர். கோடை விடுமுறையில் கொலராடோ மலைப்பக்கம் போவதற்காக 28 அடி டிராவல் டிரெய்லர் (படுக்கை, சமையல் வசதியோடு பின்னால் மாட்டி இழுத்துப்போகும் நடமாடும் வீடு) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அதன் காலி எடை 5,800 பவுண்டு, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 7,600 பவுண்டு. அதை இழுக்க ஓர் அரை டன் பிக்கப்பைக் (அரை டன் என்பது வெறும் ரகப்பெயர், முக்கால் டன் அதைவிடப் பெரிய ரகம்) கணவர் தேர்ந்தெடுத்து, 500 டாலர் முன்பணமும் கட்டிவிட்டார். நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ், சன்ரூஃப், தோல் இருக்கை எல்லாம் உள்ள உயர்ரக மாடல். 11,200 பவுண்டு இழுக்கும் என்கிறது விளம்பரம். ஆனால் ஓட்டுநர் கதவைத் திறந்தபோது 1,480 பவுண்டு என்று ஒரு ஸ்டிக்கர் வாசகியின் கண்ணில் பட்டிருக்கிறது. கேட்டதற்கு, "அது பின்தொட்டியில் ஏற்றும் சாமானுக்கு, டிரெய்லருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்றாராம் விற்பனையாளர். "பின்னால் தாழ்ந்தால் ஏர் பேக் (பின் ஸ்பிரிங்கோடு பொருத்தும் காற்றுப் பை) போட்டுக்கொள்ளலாம்" என்றிருக்கிறார் கணவரின் நண்பர். இவற்றோடு, எட்டு வருடப் பழைய முக்கால் டன் டீசல் வண்டி ஒன்றும் பேச்சில் இருக்கிறது. எதை வாங்குவது, சரிப்படாவிட்டால் மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்தானே, எடை மீறி விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடுமா, முதுகுவலி உள்ள மாமியார் டிரெய்லரில் படுத்துக்கொண்டே வரலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

உங்கள் கண்ணில் பட்ட அந்த ஸ்டிக்கர்தான் இந்த வியாபாரத்திலேயே முக்கியமான காகிதம். விற்பனையாளர் சொன்னது தவறு. பயணிகளும் சரக்கும் சேர்ந்து 1,480 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த ஒரு வண்டியை மட்டும் குறித்துத் தயாரிப்பாளர் எழுதி ஒட்டியது அது. டிரெய்லரின் முன்பகுதி, அதை வண்டியோடு மாட்டும் இணைப்பான ஹிட்ச்சின் மேல் உட்காரும்போது இறங்கும் பாரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

மாட்டு வண்டியில் சரக்கு முன்னால் குவிந்தால் நுகத்தடியில் முன்பாரம் இறங்கும் அல்லவா, அதே விஷயம்தான். இழுக்கும் பலம் இருக்கிற மாட்டுக்கும் கழுத்தில் இவ்வளவுதான் தாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு. டிராவல் டிரெய்லரில் முன்பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருந்தாக வேண்டும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடத் தொடங்கும். ஆகவே பாரத்தைக் குறைத்துவிடலாம் என்ற வழியும் அடைபட்டதே.

11,200 என்ற எண் பொய்யில்லை. எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொது அளவுகோல்படி சோதித்துத்தான் இன்றைய பிக்கப்களுக்கு இழுவைத் திறன் சொல்கிறார்கள். அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில், கோடை வெயிலில், ஏ.சி. போட்டபடி குறிப்பிட்ட வேகம் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது ஆளுக்கு 150 பவுண்டில் இரண்டே பேர். மாமியாரும் குழந்தைகளும் குளிர்பெட்டியும் சைக்கிளும் அதில் கிடையாது. நீங்களே சரிபார்க்கலாம்: 11,200 பவுண்டில் 10 சதவீதம் 1,120. உங்கள் ஸ்டிக்கரின் 1,480-இல் அதைக் கழித்தால் மிச்சம் 360. இரண்டு பெரியவர்கள் ஏறினால் தீர்ந்தது. அத்துடன், விளம்பரத்தில் வருவது அந்த மாடல் வரிசையிலேயே அதிகம் இழுக்கும் வண்டியின் எண். எஞ்சின், ஆக்ஸில் விகிதம், கேபின் அளவு மாறினால் எண்ணும் மாறும்.

உங்கள் குடும்பத்தின் கணக்கு

முதலில் டிரெய்லர். 5,800 என்பது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த எடை. யாரும் அந்த எடையில் பயணம் போவதில்லை. பேட்டரி 55 பவுண்டு. நிரம்பிய இரண்டு புரோப்பேன் சிலிண்டர்கள் 75. தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு என்பதால் 40 கேலன் தொட்டி நிரம்பினால் 332, வாட்டர் ஹீட்டரில் இன்னொரு 50. இதற்குள்ளாகவே 6,300-ஐத் தாண்டிவிட்டது. பாத்திரம், அரிசி பருப்பு, படுக்கை, துணிமணி, மடக்கு நாற்காலி, கழிவுநீர்க் குழாய், லெவலிங் கட்டைகள் என ஐந்து பேருக்கு 700 பவுண்டு சாதாரணமாக ஏறும். ஆக, 7,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. அதில் 13 சதவீதம் 910. சிற்றேட்டில் போட்டிருக்கும் ஹிட்ச் எடையும் காலி டிரெய்லருக்கானதுதான். அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

இனி வண்டி. நீங்கள் எழுதியபடி ஐவரின் எடை 640 பவுண்டு. எடையைப் பகிரும் ஹிட்ச் அமைப்பு 80. பின்தொட்டியில் போகும் சைக்கிள்கள், ஜெனரேட்டர், குளிர்பெட்டி, கருவிப்பெட்டி, தொட்டி மூடி எல்லாம் சேர்ந்து 300. முன்பாரம் 910. கூட்டினால் 1,930. ஸ்டிக்கர் சொல்வது 1,480. அதாவது 450 பவுண்டு அதிகம். தொட்டியில் ஒரு சாமான்கூட இல்லாமல் போனாலும் 150 பவுண்டு மீறுகிறது. முழு டேங்க் எரிபொருளின் எடையை ஸ்டிக்கர் ஏற்கெனவே கழித்துவிட்டது, அதைத் திரும்பக் கூட்ட வேண்டாம்.

ஏர் பேக் போட்டால்? ஹிட்ச் மாற்றினால்?

ஏர் பேக் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும். பார்க்க மட்டமாகத் தெரியும், முகப்பு விளக்கு எதிர்வண்டிக்காரர் கண்ணில் அடிக்காது. ஆக்ஸில், பேரிங், சக்கரம், பிரேக், சட்டகம் எதுவும் அதனால் கெட்டிப்படுவதில்லை. ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒரு பவுண்டுகூட ஏறாது. கனமான டயர் போடுவதற்கும் இதே பதில்தான். இன்னொரு சிக்கலை நண்பர் கவனிக்கவில்லை. ஹிட்ச் பின் ஆக்ஸிலுக்கு ஐந்து அடி பின்னால் இருக்கிறது. அங்கே பாரம் இறங்கினால் முன்சக்கரங்கள் லேசாகும். ஸ்டீயரிங்கின் பிடியும் முன்பிரேக்கின் பிடியும் தளரும். பின்பக்கத்தைக் காற்றடைத்துத் தூக்குவதால் அந்த எடை முன்னால் திரும்பி வராது.

எடையைப் பகிரும் ஹிட்ச் நிஜமாகவே உதவும், உங்கள் டிரெய்லருக்கு அது கட்டாயமும்கூட. ஹிட்ச்சைச் செருக வண்டியின் பின்னால் உள்ள குழலான ரிசீவரிலேயே ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும். சாதாரணமாக மாட்டினால் ஒரு வரம்பு, எடையைப் பகிரும் ஸ்பிரிங் கம்பிகளோடு மாட்டினால் அதைவிடக் கூடுதலான வரம்பு என்று இரண்டு வரி போட்டிருக்கும். அரை டன் வண்டிகள் பலவற்றில் முதல் வரி 5,000 பவுண்டு டிரெய்லர், 500 பவுண்டு முன்பாரம். உங்களுடையது 910. அந்தக் கம்பிகள் பின் ஆக்ஸிலின் பாரத்தில் ஒரு பகுதியை முன் ஆக்ஸிலுக்கும் இன்னொரு பகுதியை டிரெய்லரின் ஆக்ஸில்களுக்கும் தள்ளும். எவ்வளவு தள்ளும் என்பதை இந்த வண்டிக்கே போட்டுப் பார்ப்போம். வண்டியின் காலி எடை 5,620, அனுமதித்த மொத்த எடை 7,100. குடும்பமும் சாமானும் ஏறியபின் 6,640: முன்னால் 3,340, பின்னால் 3,300. டிரெய்லரைக் கம்பியில்லாமல் மாட்டினால் முன்னால் 2,960, பின்னால் 4,590 என்ற அளவில் வரும். முன் ஆக்ஸில் 380 பவுண்டு இழந்துவிட்டது. கம்பிகளைச் சரியாக இறுக்கினால் முன்னால் 3,170, பின்னால் 4,230. டிரெய்லர் பக்கம் போனது 150 பவுண்டு. வண்டி இப்போதும் 7,400. வரம்பைவிட 300 கூடுதல்தான். ஹிட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது. வண்டிதான் சிறியது.

என்னென்ன வழிகள்

கணவருக்கு அரை டன் வண்டிதான் பிடித்திருக்கிறது என்றால், அதே மாடலின் கீழ்ரக வண்டிகளின் கதவுகளையும் திறந்து பாருங்கள். சன்ரூஃப், மோட்டார் வைத்த தோல் இருக்கை, பெரிய சக்கரம், ஃபோர் வீல் டிரைவ் ஒவ்வொன்றும் ஸ்டிக்கரின் எண்ணைக் கடித்துத் தின்னும். ஒரே வரிசையில் நிற்கும் ஒரே பெயருள்ள இரண்டு வண்டிகளில் 400 பவுண்டு வித்தியாசம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சிற்றேட்டையோ இணையத்தையோ பார்க்காமல், அந்தக் குறிப்பிட்ட வண்டியின் கதவையே பார்க்க வேண்டும். 2,050-க்கு மேல் காட்டும் அரை டன் கிடைத்தால் உங்கள் கணக்கு அடங்கிவிடும். பின் ஆக்ஸிலின் தனி வரம்பையும், ரிசீவர் ஸ்டிக்கரையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எது முதலில் முட்டுகிறதோ அதுதான் உங்கள் உண்மையான வரம்பு. அப்படிப்பட்ட வண்டி இருப்பில் அரிதாகவே நிற்கும். ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டி வரலாம்.

இரண்டாவது வழி, வண்டியை வைத்துக்கொண்டு டிரெய்லரைக் குறைப்பது. சாமானோடு 5,200 பவுண்டில் நிற்கும் டிரெய்லர் என்றால் முன்பாரம் 676, ஹிட்ச் 80, நீங்கள் ஐவர் 640. மொத்தம் 1,396. மிச்சம் 84 பவுண்டு. சைக்கிளைப் பின்தொட்டியில் வைக்கும் எண்ணம் வேண்டாம். ஐந்து பேருக்குப் படுக்கை உள்ள 5,200 பவுண்டு டிரெய்லர்கள் இருக்கின்றன, ஆனால் மழை பெய்து எல்லோரும் உள்ளே அடைந்திருக்கும் நாளில் இடுக்கமாகத்தான் இருக்கும். மாமியார் இரவில் எழுந்து நடப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் யோசியுங்கள்.

மூன்றாவது, முக்கால் டன் வண்டி: எஃப்-250, சில்வராடோ 2500, ராம் 2500 வகையறா. உங்கள் கணக்குக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன், அதுவும் பெட்ரோல் எஞ்சினில். பெட்ரோல் முக்கால் டன்னில் ஸ்டிக்கர் 2,800, 3,000 என்று நிற்பது சகஜம். உங்கள் 1,930-க்கு மேல் இடம் இருக்கும், பின்டயர் வெடிக்கும் பயமில்லாமல் போகலாம். காலியாக ஓட்டும்போது முதுகைக் குலுக்கும் என்பது உண்மை. எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். வாங்குமுன் மாமியாரைப் பின் இருக்கையில் உட்காரவைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

டீசல் என்றால் அதிகம் சுமக்கும் என்று கணவர் நினைக்கிறார். இழுவைக்கு டீசல் அருமை, இறக்கத்தில் புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் அதன் எக்ஸாஸ்ட் பிரேக் இன்னும் அருமை. ஆனால் எஞ்சினே பல நூறு பவுண்டு கூடுதல் கனம். அதனால் டீசல் முக்கால் டன்னின் ஸ்டிக்கர் பெட்ரோல் வண்டியைவிடக் குறைவாகவே இருக்கும். 2,000 பவுண்டு பக்கம் நிற்கும் வண்டிகளும் உண்டு, அப்படியானால் உங்களுக்கு இழுபறிதான். அதைவிட உங்கள் விஷயத்தில் என்னைத் தடுப்பது தினசரி ஓட்டம். அலுவலகம் 6 மைல் என்கிறீர்கள். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள எஞ்சின் நன்றாகச் சூடேறி நீடித்து ஓட வேண்டும். தினமும் 6 மைல் ஓடி நின்றால் கரி அடைத்துக்கொண்டே போகும். வாரன்டி முடிந்த எட்டு வருட வண்டியில் அந்த வடிகட்டியும் அதைச் சார்ந்த பாகங்களும் கெட்டால் செலவு சாதாரணமாக இருக்காது.

எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை, நீங்கள் போவது மலை என்பதால். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும். நியூ மெக்சிகோ எல்லையில் ரேட்டன் கணவாய் 7,834 அடி. டென்வரைத் தாண்டி ஐ-70-இல் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி. அங்கே மூன்றில் ஒரு பங்கு சக்தி போயிருக்கும். ஏறும்போது லாரிகளோடு வலது தடத்தில் 40, 45 மைலில் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. கவலைப்பட வேண்டியது இறக்கத்துக்கு. சுரங்கத்துக்கு மேற்கே 7 சதவீதச் சரிவு. இறங்கத் தொடங்கும் முன்பே டோ/ஹால் மோடை (பாரம் இழுக்கும்போதைய கியர் அமைப்பை)ப் போட்டு, கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும்படி விட வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். டிரெய்லருக்கு மின் பிரேக் இருக்கும், அதை இயக்கும் கன்ட்ரோலர் வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் வண்டியின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரில் உள்ள நெம்புகோலை விரலால் தள்ளி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். நீங்களும் பாதித் தூரம் ஓட்டப் போகிறீர்கள் என்பதால் இருவருமே காலி மைதானத்தில் இதைப் பழகிக்கொள்ளுங்கள். சைக்கிள்களை டிரெய்லரின் பின் பம்பரில் தொங்கவிடும் யோசனையும் கடிதத்தில் இருக்கிறது. வேண்டாம். முன்பாரம் குறைந்து ஆட்டம் வருவதற்கு அதுவே போதும்.

உரிமைகளும் சட்டமும்

மூன்று நாளில் திருப்பித் தரலாம் என்பது பரவலான தவறான எண்ணம். மத்திய அரசின் மூன்று நாள் விதி வீட்டு வாசலில் வந்து விற்பவை போன்ற விற்பனைக்கானது. டீலர் கடையில் போய் வாங்கும் வண்டிக்கு அது பொருந்தாது. கையெழுத்துப் போட்டு வெளியே ஓட்டிவந்தால் வண்டி உங்களுடையது. டீலரே எழுத்தில் திரும்பப்பெறும் சலுகை தந்திருந்தால்தான் வேறு கதை. பழுதான புதுவண்டிக்கான லெமன் சட்டமும் இங்கே கைகொடுக்காது. வண்டியில் பழுதில்லை, உங்கள் டிரெய்லருக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். 500 டாலர் முன்பணம் திரும்புமா என்பது நீங்கள் கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. விற்பனையாளரிடம், "7,000 பவுண்டு டிரெய்லரும் ஐந்து பேரும் இந்த வண்டியின் ஸ்டிக்கர் வரம்புக்குள் அடங்கும் என்று எழுதித் தாருங்கள்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். எழுதித் தரமாட்டார். முன்பணத்தைக் கேட்கும்போது அந்த மௌனம் உங்களுக்கு உதவும்.

எடை மீறினால் இன்ஷூரன்ஸ் தானாகவே ரத்தாகிவிடும் என்பதும் சரியல்ல. பொதுவாக, பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு வண்டியோடு மாட்டிய டிரெய்லரையும் சேர்த்துத்தான் வரும். டிரெய்லருக்கே நேரும் சேதத்துக்குத் தனிப் பாலிசி தேவை. ஆபத்து வேறு இடத்தில். யாராவது காயமடைந்து வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கதவு ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் காட்டி, தெரிந்தே அதிகப் பாரம் ஏற்றிய அலட்சியம் என்று வாதிடலாம். பாலிசி வரம்பைத் தாண்டிய இழப்பீடு உங்கள் கையிலிருந்து போகும். உங்கள் பாலிசியின் வாசகத்தை ஏஜென்டிடம் உட்கார்ந்து படித்துவிடுங்கள். ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 10,000 பவுண்டுக்குக் குறைந்த இந்த டிரெய்லருக்கு உங்களிடம் உள்ள டெக்சாஸ் கிளாஸ் சி போதும்.

மாமியார் டிரெய்லரில் படுத்து வருவது நடக்காது. நகரும் டிரெய்லருக்குள் ஆள் இருப்பது டெக்சாஸில் குற்றம். சீட் பெல்ட் இல்லாமல், அலமாரிகள் குலுங்கும் பெட்டிக்குள் அவரை விடவும் உங்களுக்கு மனம் வராது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, நின்ற இடத்தில் டிரெய்லரில் அவரைக் கால் நீட்டிப் படுக்க வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

டிரெய்லர் ஒப்பந்தத்திலும் வண்டி ஒப்பந்தத்திலும் இன்னும் கையெழுத்துப் போட வேண்டாம். டிரெய்லரின் வாசல் கதவருகே எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்ற ஸ்டிக்கர் இருக்கும், அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குளியலறைத் தராசில் ஐவரையும் உடையோடு, காலணியோடு நிறுத்துங்கள். ஆளாளுக்கு 10 பவுண்டு குறைத்துச் சொல்வது மனித இயல்பு.

எந்த வண்டி வாங்கினாலும் முதல் பயணத்துக்கு முன் லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடைக்குப் போங்கள். வண்டியின் முன் ஆக்ஸில் ஒரு தட்டிலும், பின் ஆக்ஸில் ஒரு தட்டிலும், டிரெய்லரின் ஆக்ஸில்கள் ஒரு தட்டிலும் நிற்கும்படி மூன்று முறை நிறுக்க வேண்டும்: எல்லாம் மாட்டி ஸ்பிரிங் கம்பியும் இறுக்கிய நிலையில் ஒன்று, கம்பியை மட்டும் கழற்றி ஒன்று, டிரெய்லரை விட்டுவிட்டு அதே ஆட்கள் அதே சாமானோடு வண்டி மட்டும் ஒன்று. இரண்டாவது சீட்டில் உள்ள வண்டியின் இரண்டு ஆக்ஸில் எடையைக் கூட்டி, மூன்றாவது சீட்டின் வண்டி எடையைக் கழித்தால் உங்கள் உண்மையான முன்பாரம் தெரியும். இரண்டாவது சீட்டையும் மூன்றாவது சீட்டையும் பக்கத்தில் வைத்தால் முன் ஆக்ஸில் எவ்வளவு இழந்தது என்பதும், முதல் சீட்டையும் சேர்த்துப் பார்த்தால் அதில் எவ்வளவைக் கம்பி திருப்பித் தந்தது என்பதும் தெரியும். இழந்ததில் எவ்வளவைக் கம்பி திருப்பித் தர வேண்டும் என்று வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும், அதற்கேற்றபடி கம்பியை இறுக்கவோ தளர்த்தவோ செய்யுங்கள். முன்பாரம் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கனமான சாமானை டிரெய்லரின் முன்பக்கம் நகர்த்தி, தண்ணீர்த் தொட்டி ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்றும் பார்த்து, மறுபடி நிறுத்துப் பாருங்கள்.